ஃபில்டரை அறுத்து வயது சொன்னேன்

எங்கள் பட்டறை ஆட்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் என்னை அதிலிருந்து தூக்கவில்லை. பெரும்பாலும் காலை வணக்கமும், யாருக்காவது பேத்தி பிறந்த சேதியும்தான் வரும். போன மாதம் ஒரு படம் வந்தது. வெட்டிப் பிரித்த ஆயில் ஃபில்டர், உள்ளே மடிப்பு மடிப்பாகக் கறுத்த காகிதம். கீழே ஒரு கேள்வி. மாற்ற வேண்டிய கெடு தாண்டிவிட்டால் ஃபில்டர் எவ்வளவு நாள் தாங்கும்?

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டு மடங்கு வரை பயமில்லை என்றார் ஒருவர். கெடு தாண்டினால் இன்ஜினுக்குச் சங்குதான் என்றார் இன்னொருவர். இப்போது வண்டியே திரையில் எழுதிக் காட்டிவிடுகிறதே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மூன்றாமவர் கேட்டார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, "சோலையண்ணே, நீங்க சொல்லுங்க, நீங்கதான் அறுத்து அறுத்துப் பார்த்தவுக" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

நான் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "யாருக்கு இம்புட்டு நேரமா எழுதுறீக, பரீட்சையா?" என்றாள். கடைசியில் "தெரியாது" என்று மட்டும் அனுப்பினேன். சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழுந்தன. பெரியவர் அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அடக்கமெல்லாம் என்னிடம் கிடையாது, வீட்டில் கேட்டால் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரியும் என்று ஒரு முறை சொல்லி, ஒரு மனிதனின் வேலையைத் தீர்த்துவிட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்து, மதுரையில் கொஞ்ச காலம் லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்து, பிறகு சொந்த ஊரான போடிக்கே வந்து சேர்ந்தேன். வேலை பழகிய காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா மெக்கானிக்கும் வாங்கிய திட்டைத்தான் நானும் வாங்கினேன்.

எங்கள் பட்டறைக்கு வந்ததில் முக்கால்வாசி ஏலத்தோட்டத்து ஜீப்புகள். விடியற்காலை போடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு என்கிற மலைப்பாதையில் ஏறி, சாயங்காலம் இறக்கிவிடுகிற வண்டிகள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். பின்னால் தொங்குகிறவர்களைச் சேர்க்காமலே நிறைய. இந்த வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு சரிப்படாது. கம்பெனிப் புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாற்று என்று போட்டிருக்கும். அதை எழுதியவர் சமவெளியில் உட்கார்ந்து எழுதியிருப்பார். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக உறுமிக்கொண்டு ஏறுகிற வண்டி, பத்து கிலோமீட்டர் போவதற்குள் கீழே ஐம்பது ஓடிய வண்டியின் பாட்டைப் பட்டுவிடும். போதாததற்குப் பாதி ஜீப்பில் மீட்டரே ஓடாது.

அதனால் தோட்டத்துக்காரர்கள் எடுப்பை வைத்து நாள் பார்த்தார்கள். ஏலக்காய் ஒரே தடவையில் பழுக்காது. ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்றாகப் பழுத்ததை மட்டும் எடுப்பார்கள். அந்தச் சுற்றுக்கு எடுப்பு என்று பெயர். ஒரு எடுப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஜீப்பைக் கீழே கொண்டுவந்து ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஆயில் டின் தோட்டத்து ஸ்டோரில் பூட்டி இருக்கும். எடுப்பு முடியாமல் டின் வெளியே வராது. டிரைவர் கெஞ்சினாலும் வராது. எல்லா வருடமும் மழை ஒழுங்காகப் பெய்தால் இது நல்ல ஏற்பாடுதான்.

இனி எங்கள் ஃபோர்மேன். செல்லையா என்று பெயர். இன்ஜினில் சத்தம் என்று வண்டி வந்தால் சத்தத்தைக் கேட்கவே மாட்டார். "ஃபில்டரக் கழட்டு" என்பார். கழற்றிய ஃபில்டரை ஒரு பகல் முழுக்கக் கவிழ்த்து வடிய விடுவார். வாடிக்கையாளர் அவசரப்பட்டால், "அவசரம்னா வேற பட்டறைக்குப் போங்க" என்று சாதாரணமாகச் சொல்வார். ஒருவரும் போனதில்லை.

வடிந்த பிறகு பைப் வெட்டுகிற கட்டரை எடுப்பார். கூரான சிறு சக்கரம் வைத்தது. ஃபில்டர் டின்னின் கழுத்தில் மாட்டி, சுற்றி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி சுற்றி, தகரம் தானாக விட்டுவிடும் வரை பொறுமையாகச் சுற்றுவார். ஹேக்சா பிளேடு இருக்கிறதே, அரை நிமிட வேலையாயிற்றே என்று ஆரம்பத்தில் நானும் கேட்டேன்.

"ரம்பம் போட்டா தூளு விழும்ல. அப்புறம் எது வண்டியோட தூளு, எது உன் ரம்பத்தோட தூளுன்னு எவன் சொல்றது?" என்றார்.

உள்ளே இருக்கும் காகிதத்தை பிளேடால் இரண்டு முனையிலும் கீறி எடுப்பார். இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் வைத்து வைஸ் இடுக்கியில் இறுக்கி, மிச்ச ஆயிலைப் பிழிவார். வெள்ளை எனாமல் தட்டில் விரிப்பார். வெயிலில் தட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ப்பார். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே ஓட்டுவார். ஒட்டினால் இரும்பு. மின்னியும் ஒட்டாவிட்டால் பேரிங்கின் உலோகம். பிறகு டின்னுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை எடுத்து மடக்கிப் பார்ப்பார். இன்ஜின் நின்ற பிறகு ஆயில் இறங்கிப் போகாமல் பிடித்து வைக்கிற ரப்பர் அது. நாள்பட்டால் விறைத்துவிடும். இவ்வளவும் செய்துவிட்டு, "பார்த்தாச்சு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு டீக்குப் போவார். என்ன பார்த்தார் என்று சொல்ல மாட்டார். நாங்கள் நான்கு பேர் தட்டைச் சுற்றி நின்று ஆளுக்கொரு ஜோசியம் சொல்வோம்.

ஏன் சொல்ல மாட்டார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. கர்வம் என்று நினைத்தேன். பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து ஒரு விவசாயி ஜீப் கொண்டுவந்தார். மூன்று எடுப்புக்கு மேலாக ஃபில்டரே மாற்றவில்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார். காகிதம் அப்பளம் போல விறைத்து, தொட்ட இடத்தில் ஒடிந்தது. இன்ஜினைப் பிரித்தால் பேரிங் புதுப்பொண்ணாட்டம் பளபளவென்று இருந்தது. அதே மாதத்தில், நாள் தவறாமல் எங்களிடமே மாற்றிய ஒரு வண்டி பேரிங் உருகி வந்தது. இதற்கு என்ன நியாயம் என்று செல்லையாவிடம் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயில் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. உள்ளே ஒரு சின்ன வால்வு இருக்கிறது. காகிதம் வழிவிடவில்லை என்றால் அது திறந்துகொள்ளும். அழுக்கு ஆயில் வடிகட்டப்படாமல் அப்படியே இன்ஜினுக்குள் போகும். டிரைவருக்கு ஒன்றுமே தெரியாது. விளக்கு எரியாது, சத்தம் வராது, வண்டி வழக்கம்போல ஏறும். எனவே கெடு தாண்டிய ஃபில்டர் தாங்கியதா, அல்லது எப்போதோ வேலையை விட்டுவிட்டுச் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இது இப்போது எழுதும்போது தெளிவாக இருக்கிறது. இந்தத் தெளிவு அன்றைக்கே இருந்திருக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அந்த வருடம் மழை விடவே இல்லை. காய் எடுக்கப் போவதும் நனைந்து திரும்புவதுமாக ஒரு எடுப்பு இரண்டு மாதத்தையும் தாண்டி இழுத்தது. அந்த நேரத்தில் ஒரு தோட்டத்து ஜீப் மெட்டு ஏறும்போது வளைவில் டொக்கு டொக்கென்று அடித்து நின்றது. உள்ளே இருந்த பெண்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துத் தடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அடியில்லை. இன்ஜின் மட்டும் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது, சுற்றவே இல்லை. கயிறு கட்டி எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள்.

ஓட்டியவர் தவமணி. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஒல்லியான ஆள். வண்டியைத் துடைப்பதற்கென்றே ஒரு பழைய துண்டு தோளில் கிடக்கும். அந்தத் தோட்டத்தில் வெகுகாலமாக அவர்தான் டிரைவர். தோட்டத்து லைன் வீட்டில் குடியிருந்தார். வேலை போனால் வீடும் போய்விடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பின்னாலேயே மேனேஜர் வந்தார். தமிழ்க்காரர்தான், மேலே மலையாளப் பக்கத்திலேயே இருந்து இருந்து பேச்சில் பாதி மலையாளம் ஏறிவிட்டது. "காரியம் பறயணும், கத வேண்டாம். வண்டி தப்பா, டிரைவர் தப்பா?" என்றார்.

தவமணி என்னைப் பார்த்துத்தான் பேசினார். "அண்ணே, எடுப்பு முடியல, ஆயில் குடுக்க மாட்டேன்னுட்டாக. எனக்கு மனசு கேக்கல. பத்து நாளைக்கு முன்னாடி நானே ஒரு ஃபில்டரு வாங்கி மாத்துனேன். ஃபில்டர மட்டும். பழைய ஆயிலு அப்படியேதான் கெடக்கு."

"பழைய ஃபில்டரு எங்க?"

"ஓடையில வீசிட்டேன்ணே."

"மாத்துறப்போ கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

நாங்கள் மாட்டுகிற ஃபில்டரில் மஞ்சள் பெயிண்டில் தேதி எழுதுவோம். வந்த ஃபில்டரைத் துடைத்துப் பார்த்தேன். தேதி இல்லை. அது தவமணி சொன்னதற்குச் சாட்சி என்றும் சொல்லலாம், டீசலும் சேறும் பட்டுப் பெயிண்ட் போய்விட்டது என்றும் சொல்லலாம். அப்படிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தவமணி வாங்கியதாகச் சொன்ன கடைக்காரரிடம் கேட்டால், அன்றாடம் பத்துப் பேர் வாங்குகிறார்கள், யாரை ஞாபகம் வைப்பது என்றார்.

செல்லையா அந்த வாரம் கண் ஆபரேஷனுக்கு மதுரை போயிருந்தார். பொறுப்பு என்னிடம். முதல் தடவையாக ஒரு மேனேஜர் என்னைப் பார்த்துக் காரணம் கேட்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன், ரொம்பவே பிடித்திருந்தது. கட்டர் செல்லையாவின் பெட்டியில் இருந்தது, பெட்டிக்குப் பூட்டு. நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வடியக்கூட விடாமல் ஹேக்சாவை எடுத்து அறுத்தேன்.

காகிதத்தைத் தட்டில் விரித்தேன். கறுப்பு. வெயிலில் சாய்த்தேன். மின்னியது, நன்றாக மின்னியது.

"இது எத்தன நாள் ஓடின ஃபில்டர்?" என்றார் மேனேஜர்.

"ரொம்ப நாள் ஓடிருக்கு சார். பத்து நாளுக்கு இப்படி ஆகாது."

"அண்ணே, நான் மாத்துனேன்ணே" என்றார் தவமணி.

"தவமணி, காகிதம் எதுக்குப்பா பொய் சொல்லப் போவுது?" என்றேன்.

அவர் குனிந்து தட்டில் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். வண்டியின் பழுதும் காரணமும் எழுதித் தருகிற ஜாப் கார்டில் 'பராமரிப்புத் தவறியதால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுத்து அழகாக வந்திருந்தது. மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வண்டியைப் பராமரிக்காமல் இத்தனை பெண்களின் உயிரோடு விளையாடினான் என்று பேச்சு வேறு பரவிவிட்டது. போடியில் எந்தத் தோட்டத்துக்காரரும் அவருக்கு ஜீப் ஓட்டக் கொடுக்கவில்லை.

செல்லையா கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். தட்டு அலமாரியில் அப்படியே இருந்தது. டின்னின் விளிம்பை விரலால் தடவினார்.

"எதால அறுத்த?"

"ரம்பம்ணே. கட்டரு உங்க பெட்டியில இருந்துச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. காந்தத்தை எடுத்து ஓட்டினார். கொஞ்சம் ஒட்டியது, கொஞ்சம் ஒட்டவில்லை. ஒட்டியது ரம்பத்தின் தூளாக இருக்கலாம், இன்ஜினின் இரும்பாகவும் இருக்கலாம்.

"ஒட்டாதது பேரிங்குதானண்ணே? அப்ப நான் சொன்னது சரிதான?"

"பேரிங்குதான். பேரிங்கு உருகி நின்ன வண்டி. நேத்து மாட்டுன ஃபில்டரா இருந்தாலும் அது நெறைய இருக்கத்தான் செய்யும். இன்ஜின் செத்துப்போச்சுன்னு சொல்லுது. ஃபில்டருக்கு என்ன வயசுன்னு அது எங்க சொல்லுது?"

நான் தட்டைக் காட்டினேன். "காகிதம் அம்புட்டு அடைச்சிருக்கே அண்ணே."

"ரெண்டு மாசத்து ஆயில வச்சுக்கிட்டு புது ஃபில்டரு போட்டா, கெடக்குற கசடெல்லாம் வந்து ஒரே வாரத்துல அடைச்சாலும் அடைக்கும்." ரப்பர் வளையத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "மடக்கு."

மடக்கினேன். மெத்தென்று மடங்கியது. விட்டதும் நிமிர்ந்தது. புது ரப்பர். நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"அப்ப அவன் மாத்திருக்கான்."

"இருக்கலாம். சில கம்பெனி ரப்பரு ஆறு மாசமானாலும் இப்படித்தான் கெடக்கும். புதுசு மாதிரியும் இருக்கு, பழசு மாதிரியும் இருக்கு."

"நான் சொன்னது தப்பா, இல்லையாண்ணே?"

"தப்புன்னு என்னால சொல்ல முடியாது அப்பு. சரின்னு நீ எப்படிச் சொன்ன?"

சொல்லிவிட்டு டீக்குப் போய்விட்டார். அவர் ஏன் எப்போதும் ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய.

மேலே போய் மேனேஜரைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டை மாட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'சார், அவர் மாற்றினார்' என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. 'அவர் மாற்றவில்லை என்று நான் சொன்னதும் நிச்சயமாகத் தெரியாமல் சொன்னது' என்பதுதான் உண்மை. இதைச் சொல்லி ஒருவரின் வேலையைத் திருப்பி வாங்க முடியுமா என்று யோசித்தேன். முடியாது என்று பட்டது. சொல்லாமலிருக்க எனக்கு அது ஒரு வசதியாகவும் இருந்தது. பஸ் வந்தது, போனது. நான் வீட்டுக்குத் திரும்பினேன். இதைவிடக் கேவலமான காரியம் என் வேலைக்காலத்தில் நான் செய்ததில்லை.

அதன் பிறகு எந்த ஜாப் கார்டிலும் காரணம் என்ற இடத்தை நிரப்பவில்லை. பட்டறை முதலாளி கேட்டதற்கு எழுத்து சரியாக வராது என்றேன். நூற்றுக்கணக்கில் ஃபில்டர்களை வெட்டிப் பார்த்தேன். கட்டரால்தான். ஏதாவது ஒரு ஒழுங்கு பிடிபடும், அதை வைத்துத் தவமணியின் ஃபில்டருக்குத் தீர்ப்பு சொல்லிவிடலாம் என்று ஆசை. கெடு தாண்டியதில் காகிதம் கிழிந்து துண்டு ஆயில் பாதைக்குள் போனதைப் பார்த்தேன். நடுக்குழாய் அழுத்தம் தாங்காமல் நசுங்கியதைப் பார்த்தேன். கெடுவுக்கு இரண்டு பங்கு ஓடியும் சேதமில்லாமல் வந்ததையும் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. கெடுவுக்குள் மாற்றிவிடுங்கள் என்று மட்டும் எல்லோரிடமும் சொன்னேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தாண்டியபின் என்ன நடந்தது என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் மச்சினன் வீட்டு விசேஷத்துக்காகக் குரங்கணி போயிருந்தேன். மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் நிற்கும் இடத்தில், ஒரு ஜீப்பின் பானெட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டு தவமணி நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

"வாங்கண்ணே, சௌக்கியமா? ரிட்டயர்டு ஆயிட்டீகளாமே."

சொந்த வண்டி இல்லை, வேறொருவர் வண்டியை மாற்று டிரைவராக ஓட்டுகிறாராம். நடுவில் சில வருடம் திருப்பூரில் வாட்ச்மேனாக இருந்தாராம். வண்டியைத் தொட விடவில்லையே என்றார், யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்வதைப் போல. என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தவமணி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நெசமாவே மாத்துனியாப்பா?"

துடைப்பதை நிறுத்தினார். "தெரியலண்ணே."

"தெரியலையா?"

"மாத்துனேன்னுதான் அன்னைக்கு நெனச்சேன். மழையில வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க அம்புட்டு உறுதியா சொன்னீகள்ல. பெரிய மெக்கானிக்கு, பிரிச்சுப் பார்த்துச் சொல்றாரேன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அது போன எடுப்புல மாத்துனதோ, அதத்தான் இதுன்னு போட்டுக் குழப்பிக்கிட்டமோன்னு. வீட்டுல அவ கேட்டா, நெசமா மாத்துனியாய்யான்னு. மாத்துனேன்னு சொன்னேன். ரெண்டாந்தரம் கேட்டா. எனக்கு வாய் வரல. அந்தப் பொம்பளைக பூராத்தையும் கொல்லப் பார்த்துட்டமேன்னு ரொம்ப நாள் தூக்கம் இல்ல."

வேலையும் வீடும் போனதை நான் அறிவேன். இது எனக்குத் தெரியாது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திருக்க தவமணி. உள்ள ரப்பரு புதுசு. நான் கையால மடக்கிப் பார்த்தேன். நீ மாத்தத்தான் செஞ்சிருக்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். கோபமில்லை. நம்பலாமா என்று பார்க்கிற பார்வை.

"அன்னைக்கும் இதே மாதிரித்தான்ணே சொன்னீக" என்றார்.

ஆட்கள் வந்து ஏறினார்கள். போயிட்டு வர்றேன்ணே என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.